ஜெயிச்சது ஆளா, ஸ்கீயா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், கால்ல ஸ்கீ பலகை மாட்டிக்கிட்டு பனிமலைச் சரிவுல சறுக்கி எறங்குவாங்களே, அந்த ஆல்பைன் ஸ்கீ வேர்ல்டு கப்பை இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். கார் ரேஸ்னா எந்த டீம் முன்னாடி போகுதுன்னு சட்டுனு தெரிஞ்சிடும். இதுல எந்த ஸ்கீ கம்பெனி டாப்னு ஒண்ணுமே புரியல. ஒரே வார்த்தையில சொல்லிடுங்களேன்?

ஒரே வார்த்தை கஷ்டம், ரெண்டு தரேன். அட்டாமிக், ஹெட்.

அட்டாமிக் 1955-ல அலோயிஸ் ரோர்மோசர்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஆல்டன்மார்க்ட்ல இருந்துதான் ஓடுது. ஹெட் 1950-ல அமெரிக்காவுல பொறந்த கம்பெனி, ஆனா இப்ப அதோட வீடும் ஆஸ்திரியாதான். இந்த ரெண்டுக்கும் பின்னாடி பிரான்ஸோட ரோசினோல், சுவிஸ்ல இருந்து ஸ்டோக்லி, இத்தாலியோட நோர்டிகா, ஆஸ்திரியாவுலயே இன்னொண்ணு ஃபிஷர், ஜெர்மனியோட வோல்க்ல்னு ஒரு வரிசை இருக்கு.

இப்ப கணக்கு பாப்போம். சீசன் முடிவுல ஒட்டுமொத்த சாம்பியனுக்கு பெரிய கண்ணாடி உருண்டை தருவாங்கல்ல, 2012-ல இருந்து 2025 வரைக்கும் ஆம்பளைங்க பக்கம் 14 உருண்டை. அதுல 9 அட்டாமிக், 4 ஸ்டோக்லி, 1 ஹெட். பொம்பளைங்க பக்கம் அதே 14-ல ஹெட் 5, அட்டாமிக் 5, ரோசினோல் 3, ஸ்டோக்லி 1. இத பாத்துட்டு "ஆஹா அட்டாமிக்தான் ராஜா"ன்னு எழுந்து போயிடாதீங்க, கொஞ்சம் உக்காந்து உள்ள பாருங்க. ஆம்பளைங்க பக்கத்து 9-ல 8 உருண்டை மார்செல் ஹிர்ஷர்ங்கிற ஒரே ஆளு வரிசையா எட்டு வருஷம் வாங்குனது, மிச்சம் ஒண்ணு 2020-ல ஆம்ட் கில்டே. ஸ்டோக்லியோட 4-ம் மார்கோ ஓடர்மாட் ஒருத்தரோடது. பொம்பளைங்க அட்டாமிக் கணக்குல இருக்கிற 5-ம் மிக்கேலா ஷிஃப்ரின். ஆக, நாம கம்பெனியை எண்ணுறோம்னு நெனச்சுக்கிட்டு நாலஞ்சு ஆளுங்களைத்தான் எண்ணிட்டு இருக்கோம்.

கேள்வி: அப்போ பிராண்டுகளுக்குன்னு தனியா பாயின்ட்ஸ் டேபிள் இருக்கே, அது நியாயமான கணக்குதானே?

நியாயம்தான், ஆனா அது வேற ஒரு கேள்விக்கு பதில். வேர்ல்டு கப் ரேஸ்ல முதல் ஆளுக்கு 100, ரெண்டாவதுக்கு 80, மூணாவதுக்கு 60, இப்படியே எறங்கி 30-ஆவது ஆளுக்கு 1 பாயின்ட். இத அந்தந்த ஸ்கீ பேர்ல கூட்டினா பிராண்டு டேபிள். வீட்டுல பத்து பேர் சம்பாதிச்சா மொத்த வருமானம் பெருசாத்தான் தெரியும், அதுக்காக ஒவ்வொருத்தர் சம்பளமும் பெருசுன்னு அர்த்தமா? ஹெட்டும் அட்டாமிக்கும் நெறைய ரேஸர்களை வச்சிருக்காங்க, பத்தாவது, பதினஞ்சாவது இடத்துல வர்றவங்க கூட பாயின்ட் சேர்க்குறாங்க. ஸ்டோக்லி கையில ஆள் கம்மி. அதனால அந்த டேபிள்ல எந்த கம்பெனி ரேஸ்ல எவ்வளவு பணமும் ஆளும் எறக்கியிருக்குன்னு தெரியும். எந்த ஸ்கீ வேகம்னு தெரியாது.

கம்பெனியை ஒப்பிட்டே தீரணும்னா போட்டி வகையா பிரிச்சு பாருங்க, அதுதான் கொஞ்சமாவது உபயோகம். டவுன்ஹில், சூப்பர்-ஜி மாதிரி வேகப் போட்டியில ஹெட் ரொம்ப நாளா பலமா இருக்கு. அக்செல் லுண்ட் ஸ்விண்டால், யான்ஸ்ருட், பியாட் ஃபோய்ட்ஸ், கிரீக்மைர், இப்ப 2025 உலக சாம்பியன்ஷிப் டவுன்ஹில் தங்கம் ஜெயிச்ச ஃப்ரான்யோ ஃபான் ஆல்மென் வரைக்கும் எல்லாம் அந்த ஸ்கீதான். அதே வேகப் போட்டியில நோர்டிகா ஒரு டோமினிக் பாரிஸை வச்சே ஆஸ்திரியாவோட கிட்ஸ்பூயல் ரேஸ்ல பேர் வாங்கிட்டு போயிடுச்சு. கம்பத்தை நெருக்கமா நட்டு வளைஞ்சு வளைஞ்சு போற ஸ்லாலம் பக்கம் திரும்பினா அட்டாமிக்கும் ரோசினோல் குரூப்பும் கை ஓங்குது.

கேள்வி: ஜெயிச்சவங்க ஃபினிஷ் லைன் தாண்டினதும் அவசர அவசரமா ஸ்கீயை கழட்டி மூஞ்சி பக்கத்துல தூக்கி வச்சுக்கிறாங்களே, என்ன சார் அது பாசம்?

பாசமாவது, அது காண்ட்ராக்ட். ஸ்கீயோட அடிப்பக்கத்துல கம்பெனி பேர் எவ்வளவு பெரிய எழுத்துல இருக்குன்னு கவனிங்க. ஓடும்போது அது பனியைப் பாத்துட்டு இருக்கும், கேமராவுக்கு காட்ட கெடைக்கிறது அந்த சில வினாடிதான்.

கேள்வி: ஓடர்மாட் ஓட்டுற ஸ்டோக்லி சின்ன கம்பெனின்னு சொல்றாங்க. சின்ன கம்பெனி எப்படி சார் இவ்வளவு பெரிய கம்பெனிகளை அடிக்குது?

1935-ல இருந்து இருக்கிற சுவிஸ் கம்பெனி, பெரிய பிராண்டுகளோட அளவுக்கு பக்கத்துல கூட வராது, வேலையில பாதி இன்னும் கையாலதான். ஆனா ரேஸ் ஸ்கீங்கிறது லட்சக்கணக்குல அச்சடிக்கிற சரக்கு இல்ல. ஒரு ஆளுக்கு, அவரோட எடைக்கு, அவர் திரும்புற ஸ்டைலுக்கு, கொஞ்சம் விறைப்பு கூட்டி, கொஞ்சம் கொறச்சு, திரும்பத் திரும்ப செஞ்சு பாக்குற வேலை. அந்த எடத்துல சின்ன கம்பெனிக்கு ஒரு வசதி இருக்கு: ஓடர்மாட் திங்கக்கிழமை ஒண்ணு கேட்டா அத பேக்டரியில கேக்குற ஆளு தூரத்துல இல்ல. பெரிய கம்பெனியில அதே கேள்விக்கு முன்னாடி இன்னும் இருபது ரேஸர் வரிசையில நிப்பாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், ஓடர்மாட் மட்டும் இல்ல. 2013-ல ஸ்லோவேனியாவோட டீனா மாஸே ஒரே சீசன்ல 2414 பாயின்ட் எடுத்தாங்களே, அதுவும் ஸ்டோக்லிதான். சின்ன கம்பெனி ஒரு பெரிய ஆளை நம்பி மொத்தத்தையும் கொட்டுறது இது முதல் தடவை இல்ல. இன்னும் பின்னாடி போனா ஸ்வீடனோட இங்கமார் ஸ்டென்மார்க், 86 வேர்ல்டு கப் வெற்றி, எல்லாமே ஸ்லாலமும், கம்பம் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கிற ஜயன்ட் ஸ்லாலமும், எல்லாமே ஈலான் ஸ்கீ. அந்தக் காலத்து யூகோஸ்லாவியாவுல, இன்னைக்கு ஸ்லோவேனியாவுல இருக்கிற பெகுன்யேங்கிற ஊர்ல இருந்து வந்த கம்பெனி அது. ஆஸ்திரியா, பிரான்ஸ் கம்பெனிகள் எல்லாம் பண மூட்டையோட கதவைத் தட்டாமலா இருந்திருப்பாங்க? மனுஷன் மாறவே இல்ல.

ஆபத்தும் இதுலதான் இருக்கு. அந்த ஒரு ஆளு கால் முட்டி போனா கம்பெனியோட சீசனே போச்சு. ஹெட்டுக்கு அந்தக் கவலை இல்ல, ஒருத்தர் விழுந்தா இன்னும் நாலு பேர் ஸ்டார்ட் லிஸ்ட்ல இருப்பாங்க.

கேள்வி: ரேஸ் ஸ்கீயும் கடையில விக்கிற ஸ்கீயும் பேர் ஒண்ணா இருக்கு, பெயின்ட் ஒண்ணா இருக்கு. உள்ளயும் ஒண்ணுதானா?

பெயின்ட் ஒண்ணுதான், அதுல சந்தேகமே இல்ல.

உள்ள இருக்கிற சாமான்கள் கேட்டா எல்லா கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல்தான் தருவாங்க. நடுவுல மரம், ஆஷ், பீச், பாப்லர் மாதிரி மரத்தை பட்டை பட்டையா வெட்டி ஒட்டினது. அதுக்கு மேலயும் கீழயும் டைட்டனால்னு ஒரு அலுமினியக் கலவை தகடு, கண்ணாடி நார், அடியில பாலிஎத்திலீன், ரெண்டு ஓரத்துலயும் ஸ்டீல் பட்டை, எல்லாத்தையும் எபாக்ஸி பசை தடவி சூடு கொடுத்து அழுத்தி எடுக்கிறாங்க. உலோகத்தை இந்த விளையாட்டுல வெற்றிகரமா கொண்டு வந்தது ஹெட் கம்பெனியை ஆரம்பிச்ச ஹோவர்ட் ஹெட், அவரு விமானக் கம்பெனி இன்ஜினியர். விமானத்துல அலுமினியத்தை ஒட்டுற முறை கையில இருந்துச்சு, மர ஸ்கீ கனமா இருக்கேன்னு எரிச்சல், பண்ணிப் பாத்தாரு. முதல்ல பண்ண ஜோடியெல்லாம் ஸ்கீ சொல்லித்தர்ற வாத்தியார்ங்க கையில ஒடஞ்சு போச்சு, ஆளு விடல.

வித்தியாசம் எங்கன்னா அந்த மரத்தோட தடிமன் எந்த எடத்துல எவ்வளவு, தகடு எவ்வளவு, முன்பக்கம் எவ்வளவு வளையணும், முறுக்கினா எவ்வளவு விட்டுக் கொடுக்கணும்ங்கிறதுல. ரேஸ் ஸ்கீயை வெறும் கையால வளைச்சுப் பாத்தா பலகையை வளைக்கிற மாதிரி அசையாது. நாம வாரக்கடைசியில மெதுவா ஓட்டுற வேகத்துக்கு அது திரும்பவே திரும்பாது, மணிக்கு நூறு கிலோமீட்டர்ல முழு எடையும் அழுத்தினாதான் வளையும்.

அப்புறம் அளவுக்கு ஃபிஸ்ங்கிற சர்வதேச ஸ்கீ அமைப்போட சட்டம் இருக்கு. ஆம்பளைங்க டவுன்ஹில் ஸ்கீ கொறஞ்சது 218 சென்டிமீட்டர், ஸ்லாலம்னா கொறஞ்சது 165, பொம்பளைங்களுக்கு ஸ்லாலம் 155. பக்கவாட்டு வளைவையும் விட்டு வைக்கல: ஸ்கீயோட இடுப்பு உள்ள வாங்கி இருக்கும்ல, அந்த வளைவை அப்படியே நீட்டி ஒரு வட்டமா போட்டா அதோட ஆரம் டவுன்ஹில்லுக்கு 50 மீட்டராவது இருக்கணும். ஆரம் சின்னதா இருந்தா ஸ்கீ சட்டுனு திரும்பும், முட்டி மேல பாரம் ஏறும், அதுக்குத்தான் இந்த சட்டம்.

இந்த ஆரம் சமாச்சாரத்துல ஒரு கதை இருக்கு, சொல்லாம விட மனசில்ல. 2012-13 சீசனுக்கு ஜயன்ட் ஸ்லாலம் ஸ்கீயோட ஆரத்தை ஆம்பளைங்களுக்கு 27 மீட்டர்ல இருந்து 35 ஆக்குனாங்க. ரேஸர்களுக்கு செம கோபம். எல்லாரையும் விட சத்தமா கத்தினது அமெரிக்காவோட டெட் லிகெட்டி, ஹெட் ஸ்கீ ஓட்டுறவர், இது விளையாட்டையே பின்னாடி இழுக்கிற வேலைன்னு எழுதித் தள்ளினாரு. சீசன் ஆஸ்திரியாவோட சோல்டன்ல ஆரம்பிச்சுது, அந்தப் புது ஸ்கீயிலயே அதே லிகெட்டி ரெண்டாவது ஆளை 2.75 வினாடி வித்தியாசத்துல ஜெயிச்சாரு. நூறுல ஒரு பங்கு வினாடிக்கு அடிச்சுக்கிற விளையாட்டுல 2.75! அதே சீசன் ஷ்லாட்மிங் உலக சாம்பியன்ஷிப்ல மூணு தங்கம். ஹெட் புது சட்டத்துக்கு ஸ்கீயை சீக்கிரம் சரி பண்ணிட்டாங்களா, இல்ல லிகெட்டி மட்டும் அந்த நீளமான வளைவுக்கு உடம்பை பழக்கிட்டாரா? ரெண்டும்னுதான் நான் நெனக்கிறேன், ஆனா ஹெட் ஓட்டுன மத்தவங்க யாரும் அந்த தூரத்துல இல்லங்கிறதையும் பாக்கணும்ல. அப்புறம் 2017-18-ல ஆரத்தை 30 மீட்டருக்கு எறக்கிட்டாங்க, அது வேற விஷயம்.

கேள்வி: ஒவ்வொரு ரேஸர் கூடவும் சர்வீஸ்மேன்னு ஒருத்தர் சுத்துறாரே, மெழுகு தேய்க்கவா ஒரு ஆளு?

மெழுகு தேய்க்கிறது அவர் வேலையில கடைசி பத்து பர்சன்ட். ஒரு பெரிய டவுன்ஹில் ஆளுக்கு சீசனுக்கு டஜன் கணக்குல ஜோடி இருக்கும், பாத்தா எல்லாம் ஒரே மாதிரி, நம்பர் மட்டும் வேற. ஒரே அச்சுல ஒரே நாள்ல வந்த ரெண்டு ஜோடி கூட ஒரே வேகத்துல ஓடாது, ஏன்னு முழுசா யாராலயும் சொல்ல முடியல. அதனால நேரான சரிவுல விட்டு டைம் எடுத்து, இது ஈரப் பனிக்கு, இது காஞ்ச குளிருக்கு, இது தண்ணி ஊத்தி இறுக்கின ஐஸுக்குன்னு பிரிச்சு வச்சுக்குவாங்க. அடிப்பக்கத்தை பாத்தா வழவழன்னு தோணும், வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா கல் மெஷின்ல போட்ட பொடிப் பொடி கோடு தெரியும். பனி உராயும்போது ஒரு மெல்லிசான தண்ணிப் படலம் உண்டாகும், அது ஒட்டிப் பிடிக்காம அந்தக் கோடு வழியா வெளியேறணும். பனி ஈரமா இருந்தா கோடு தடியா, காஞ்சிருந்தா மெல்லிசா. ஓர ஸ்டீலை டிகிரி பாத்து அரத்தால ராவணும், அது ஸ்லாலம்ல முதல் வளைவுலயே தெரிஞ்சிடும்.

மெழுகுல முன்னாடி ஃப்ளோரின் கலந்தது பிரமாதமா வழுக்கும், ஆனா சுற்றுச்சூழலுக்கும் அத சூடு பண்ணி மோந்துக்கிட்டே வேலை பாக்குற ஆளுங்களுக்கும் கெடுதல்னு 2023-24 சீசன்ல இருந்து தடை. அந்த சீசனோட முதல் ரேஸ்லயே, அதே சோல்டன்ல, ஆறாவது வந்த நார்வேயோட ராங்ஹில்ட் மோவின்கெலை ஃப்ளோரின் டெஸ்ட்ல சிவப்பு காட்டுச்சுன்னு தகுதிநீக்கம் பண்ணிட்டாங்க. ஸ்கீ, ரேஸர் ரெண்டும் சரியா இருந்தும் மெழுகுல போற ரேஸும் உண்டு.

ரேஸர் ஒரு பிராண்டுல இருந்து இன்னொண்ணுக்கு தாவும்போது நல்ல சர்வீஸ்மேனும் கூட வருவாரான்னுதான் முதல்ல பேசுவாங்க. அவரும் பெரும்பாலும் கம்பெனி சம்பளத்துல இருக்கிற ஆளு, வரமாட்டேன்னா பாதி பலம் அங்கேயே நின்னுடும்.

கேள்வி: பிராண்டு மாறினவங்க யாராவது உருப்பட்டிருக்காங்களா?

ரெண்டு பக்கமும் இருக்காங்க. லிண்ட்சி வான் 2008, 2009 ரெண்டு ஒட்டுமொத்த பட்டத்தையும் ரோசினோல்ல ஜெயிச்சுட்டு, உச்சத்துல இருக்கும்போதே ஹெட்டுக்கு போனாங்க. எல்லாரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அடுத்த 2010 சீசன்லயும் பட்டம், வான்கூவர் ஒலிம்பிக்ல டவுன்ஹில் தங்கம், அதுவும் ஆம்பளைங்களுக்கு செஞ்ச ஸ்கீயை ஓட்டி. போடி மில்லர்னு ஒருத்தர், கே2, ஃபிஷர், ரோசினோல், அட்டாமிக், ஹெட்னு கடை கடையா ஏறி எறங்கினவரு, 2005 பட்டம் அட்டாமிக்ல, 2008 பட்டம் ஹெட்ல. அவருக்கு எத கால்ல மாட்டினாலும் ஓடும்.

சினிமா மாதிரி இருக்கிறது கிறிஸ்டோஃபர்சன் கதை. நார்வேக்காரர், ஹிர்ஷர் ராஜ்யம் பண்ண வருஷமெல்லாம் அவருக்கு பின்னாடியே ரெண்டாவதா வந்து வந்து நொந்து போனவரு. ஹிர்ஷர் ரிட்டயர் ஆகி வான் டியர்னு சொந்தமா ஸ்கீ கம்பெனி ஆரம்பிச்சாரு. 2022-ல ரோசினோலை விட்டுட்டு கிறிஸ்டோஃபர்சன் போய் சேர்ந்தது யார்கிட்டன்னு நெனக்கிறீங்க? அவர்கிட்டயேதான். 2023 ஜனவரியில கார்மிஷ் ஸ்லாலம்ல அந்த ஸ்கீக்கு முதல் வேர்ல்டு கப் வெற்றி, அடுத்த மாசமே உலக சாம்பியன்ஷிப் ஸ்லாலம் தங்கம், முதல் ரவுண்டுல 16-ஆவது இடத்துல இருந்து ஏறி வந்து. நேத்து மொளச்ச கம்பெனி, நூறு வருஷக் கம்பெனிகளை அதே வருஷம் அடிச்சுது. எப்படின்னா, எட்டு பட்டம் ஜெயிச்ச ஒருத்தருக்கு ஸ்கீ எங்க வளையணும்னு கால்லயே தெரியும்.

கேள்வி: அட்டாமிக்கும் சலமோனும் ஒரே முதலாளின்னு கேள்விப்பட்டேன், நெசமா?

நெசம், ரெண்டும் ஆமெர் ஸ்போர்ட்ஸ் கீழ. ரோசினோலும் டைனாஸ்டாரும் ஒரே குரூப், நோர்டிகாவும் பிளிஸார்டும் டெக்னிகா குரூப். சண்டை போடுற மாதிரி தெரியிற பாதிப் பேர் சாயங்காலம் ஒரே வீட்டுக்குத்தான் போறாங்க.

கேள்வி: ஒரு ஸ்கீ கம்பெனிக்காரரே சர்வதேச ஸ்கீ அமைப்புக்கு தலைவர் ஆனாராமே, அது சரியா சார்?

யோஹான் எலியாஷைச் சொல்றீங்க. பல வருஷம் ஹெட் கம்பெனியோட தலைமைப் பொறுப்புல இருந்தவரு, 2021-ல ஃபிஸ் தலைவரா தேர்வானாரு, அப்புறம் ஹெட் தலைமைப் பதவியை விட்டுட்டாரு. சட்டப்படி முடிஞ்சுது. ஆனா ஸ்கீயோட ஆரம், நீளம், மெழுகு எல்லாத்துக்கும் சட்டம் போடுற நாற்காலி அது, மத்த கம்பெனிக்காரங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்காதா? எனக்கே கொஞ்சம் உறுத்துது, உறுத்தலன்னு சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஆள்தான் முக்கியம்னா, யாரோ ஒருத்தரோட ஸ்கீயை வாங்கி மாட்டிட்டு ஒலிம்பிக்ல ஜெயிக்க முடியுமா? சும்மா வெளையாட்டுக்கு கேக்குறேன்.

வெளையாட்டுக்கு கேட்டீங்க, அது நடந்தே போச்சு. 2018 பியோங்சாங், சூப்பர்-ஜி. செக் நாட்டு எஸ்டர் லெடெட்ஸ்கா, ஸ்டார்ட் நம்பர் 26, அடிப்படையில ஒரே பலகையில ரெண்டு காலையும் வச்சு சறுக்குற ஸ்னோபோர்டு ஆளு. பெரிய ஆளுங்க எல்லாம் எறங்கி முடிஞ்சு டிவியில ஆன்னா ஃபைத்தை சாம்பியன்னு கொண்டாடிட்டு இருக்காங்க, இந்தப் பொண்ணு வந்து 0.01 வினாடியில தங்கத்தை தட்டிட்டுப் போயிடுச்சு. போர்டைப் பாத்துட்டு ஏதோ டைமிங் தப்புன்னு அசையாம நின்னுச்சு பாருங்க, அந்த மூஞ்சி மறக்காது. கால்ல இருந்தது அட்டாமிக், அது ஷிஃப்ரின் கிட்ட இருந்து வந்த ஜோடின்னு அப்பவே செய்தியில வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு ஸ்னோபோர்டுலயும் தங்கம்.

ஷிஃப்ரின் 2025 பிப்ரவரியில செஸ்ட்ரியர்ல 100-ஆவது வெற்றி வாங்கினவங்க, அவங்க டீம் பொறுக்கி எடுத்த ஸ்கீ சாதாரணமா இருக்காது. அதனால இந்த உதாரணத்தை வச்சு ஆள்தான்னும் சொல்லலாம், ஸ்கீதான்னும் சொல்லலாம், என்னை மாட்டி விடாதீங்க.

கேள்வி: நான் இந்த வருஷம்தான் கத்துக்கப் போறேன். ஓடர்மாட் ஓட்டுற அதே மாடல் கெடைச்சா வாங்கலாமா?

தயவுசெஞ்சு வேணாம். ஸ்கீயை வாடகைக்கு எடுங்க, மென்மையா வளையிற ஆரம்ப நிலை ஸ்கீயா கேளுங்க, எந்த கம்பெனியா இருந்தாலும் சரி. காசு இருந்தா பூட்ஸுக்கு செலவு பண்ணுங்க, அதுவும் கடையில கால் நீட்டிப் போட்டுப் பாத்து, குதிகால் மேல தூக்காம இருக்கான்னு பாத்துட்டு.